சிலுவை தெரிந்த தண்ணீர்

அரசாங்கமே சிலுவையை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எங்கள் வரிசையில் முதலில் சொன்னவள் பிலோமினம்மாள். நான் இல்லை. எந்தச் செய்தி கிளம்பினாலும் "அல்போன்சம்மாள் வாயிலிருந்து வந்திருக்கும்" என்று சொல்லிவிடுவது அங்கே வழக்கமாக இருந்ததால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எண்பதாம் வருடம். புக்கிட் பாத்தோக் பக்கம் கருங்கல் உடைக்கிற மலை ஒன்றின் அடியில், கம்பெனி கட்டிக் கொடுத்த தகரக்கூரை வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. என் வீட்டுக்காரர் அங்கே லாரி ஓட்டினார். மலைக்கும் எங்களுக்கும் நடுவில், எங்கள் கூரைகளைவிட உயரத்தில், மண்கரை கட்டிய ஒரு குளம். கல் கழுவிய தண்ணீரும் மலையில் பெய்கிற மழையும் அதில் வந்து நிற்கும். தூசியெல்லாம் அடியில் படிந்த பிறகு, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் மதகைத் திறந்து நாங்கள் லோங்காங் என்கிற பக்கத்து வடிகால்வாயில் விடவேண்டும். லோங்காங் ஆற்றுக்குப் போகிறது. ஆறுகளைச் சுத்தம் பண்ணியே தீருவது என்று அப்போது அரசாங்கம் ஒற்றைக் காலில் நின்றது. கலங்கலை விட்டால் அபராதம். மறுபடியும் விட்டால் கம்பெனியையே மூட வேண்டியதுதான்.

அதைப் பார்க்க வருகிற அதிகாரி வேலாயுதம். ஃபேரர் பார்க்கில் என் தங்கை குடியிருக்கும் அதே பிளாக்கில், அவளுக்கு மேல் மாடியில் இருந்தார். முப்பது தாண்டியும் கல்யாணம் இல்லை, சட்டையைத் தானே தேய்ப்பார், தேக்கா மார்க்கெட்டில் மீன் செதிலைத் தூக்கிப் பார்க்கத் தெரியாமல் சொன்ன விலைக்கு வாங்கி வருவார். இதெல்லாம் தங்கை தானாகச் சொன்னது, நான் கேட்கவில்லை. அவர் கையில் நீளமாக ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். குழாயின் அடியில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் கறுப்பாக ஒரு சிலுவை. குளத்துத் தண்ணீரை அதில் ஊற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலேயிருந்து பார்ப்பார். சிலுவை தெரிந்தால் தண்ணீர் போகலாம். தெரியாவிட்டால் போகக் கூடாது.

"பாத்தியளா, கவர்மெண்டே சிலுவையைப் பாத்துத்தான் முடிவு பண்ணுது!" என்றாள் பிலோமினம்மாள். எங்கள் வரிசையில் ஜெபமாலை சொல்லிக் கொடுப்பவள் அவள்தான்.

"அது சும்மா கோடுங்கம்மா. எழுத்து மாதிரி ஒரு அடையாளம்" என்று வேலாயுதம் சொல்லிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு பூசியவர் வேறு எப்படிச் சொல்லுவார் என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதகைத் திறந்து மூடும் வேலை என் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோசுக்கு. மதகின் திருகில் மாட்டிச் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிக் கையோடு எடுத்து வந்துவிடுவான். சாப்பிடும்போது அது அவன் மடியில் கிடக்கும். கோயிலுக்குப் போனால் பெஞ்சுக்கு அடியில். பெண்டாட்டி இல்லாத மனிதன் கைப்பிடியைக் கட்டிக்கொண்டான் என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு முன்னால் மதகு பார்த்தவர் கோவிந்தசாமி. சட்டைப் பையில் பேனா சொருகிய ஒருவன் ஒருநாள் அவரிடம் வந்து, "நான் வடிகால் ஆபீசு. குளம் தளும்புது, கொஞ்சம் தொறந்துவிடு" என்றான். அவர் நம்பித் திறந்தார். வந்தவன் மேனேஜர் அனுப்பிய ஆள்! ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார். கோவிந்தசாமிக்கு வேலை போயிற்று. வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த வீடும் போயிற்று. மேனேஜர் அடுத்து ஆம்ப்ரோசைக் கூப்பிட்டு, "என் வாயால் சொல்லாமல் திறக்காதே. நிஜ அதிகாரியே வந்து காலில் விழுந்தாலும் திறக்காதே" என்று எச்சரித்து அந்தக் கைப்பிடியைக் கொடுத்தார்.

ஆம்ப்ரோசின் வீட்டில் அப்பா இயேசுதாசன் படுத்திருந்தார். அதே மலையில் கல் உடைத்து, நெஞ்சு முழுக்கக் கல்தூசி வாங்கிக்கொண்ட மனிதர். கட்டிலிலிருந்து கதவு வரை வந்தாலே உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டும். அவர் இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இருமல் கேட்காவிட்டால்தான் நான் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். வீடு போனால் இந்த மனிதரை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பான்? அந்தப் பயம்தான் ஆம்ப்ரோசின் கையில் இரும்பாக இருந்தது.

வேலாயுதம் மேனேஜரிடம் சொல்லியிருந்தது இரண்டு விஷயம். தண்ணீரைத் தெளிந்த பிறகு விடு என்பது ஒன்று. குளத்து அடியில் சேர்கிற சேற்றை அவ்வப்போது வாரி, மழைத் தண்ணீர் வந்து நிற்க இடம் வைத்துக்கொள் என்பது இன்னொன்று. மேனேஜர் முதலாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சேறு வாருவதற்கு ஆளும் லாரியும் வேண்டும். மதகை மூடி வைப்பதற்கு ஆம்ப்ரோசின் பயம் போதும். குளத்தில் பாதிக்கு மேல் சேறு. மிச்சத்தில் தண்ணீர்.

அப்படியிருக்கும்போதுதான் ஊற்று வந்தது.

நவம்பர் மழை தொடங்கிய சமயம். ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் பின்னால், குளத்துக் கரையின் அடிவாரத்தில், புல்லுக்குள்ளிருந்து விரல் தடிமனில் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி தண்ணீர். மேலே குளத்தில் கழனித்தண்ணீர் நிறத்தில் நிற்க, கீழே இப்படி ஒரு தெளிவா! துணி அலசப் போன பிலோமினம்மாள் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே முழங்காலில் விழுந்துவிட்டாள்.

நாங்கள் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பாறைக்கு அடியில் மாதா காட்டிய ஊற்று என்றால் எங்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாறை இருக்கிறது, மலை இருக்கிறது, தண்ணீரும் வந்துவிட்டது. பாக்கி மாதாதான். அடுத்த ஞாயிறு ஒரு சொரூபத்தை வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள் பிலோமினம்மாள். கல்லுமலை ஆண்களுக்குக் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. போத்தலை முக்கி எடுக்க வசதியாக, ஊற்று வரும் இடத்தில் கரையின் அடியைப் பிறை மாதிரி வெட்டி எடுத்தார்கள். அதற்குள் கருங்கல் தொட்டி, மேலே மாதாவை வைக்கக் கல்லாலேயே குகை மாதிரி ஒரு கெபி. நறுவிசான வேலை. வெட்டின மண்ணைக் கொண்டுபோய் ஆம்ப்ரோஸ் வீட்டு வாசலில் மேடு போட்டுக் கொடுத்தார்கள், அப்பா நடக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று.

கரையின் காலை வெட்டி வாசலுக்கு மேடு போட்டோம். அன்றைக்கு அதைப் பார்த்து எல்லாரும் கைதட்டினோம்.

செராங்கூன் ரோட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் போத்தல் கொண்டு வந்தார்கள். வயிற்று வலிக்கு, பரீட்சைக்கு, மருமகளுக்கு. கடைசி வீட்டுப் பூவம்மாவுக்கு மாரியம்மனும் வேண்டும், மாதாவும் வேண்டும். பையனுக்குத் தேசிய சேவை ராணுவப் பயிற்சியில் காலில் அடிபட்டிருந்ததால் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து தொட்டி ஓரத்தில் ஊற்றிவிட்டுப் போவாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பால்தானே!

டிசம்பர் பிறந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது போய், விடாமல் பெய்ய ஆரம்பித்தது. ஆம்ப்ரோஸ் குடையும் கைப்பிடியுமாகக் கரைமேல் நடப்பதும் வருவதுமாக இருந்தான்.

"என்னப்பா, எவ்வளவு நிக்குது?" என்று கேட்டேன்.

"நிக்குதுக்கா."

"மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கலங்கலா இருக்கான்னு கேட்டார். ஆமான்னேன். அப்ப மூடியே வைன்னுட்டார்."

"அது சரி, எவ்வளவு நிக்குதுன்னு கேட்டாரா?"

அவன் கைப்பிடியைத் துடைத்தான்.

மாதாவின் திருநாளுக்கு முந்தின நாள் ஊற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. தொட்டி முழுக்க மெலிதாக ஒரு வெண்மை, பாலில் தண்ணீர் விட்ட மாதிரி. விரல் தடிமனில் வந்தது இப்போது மணிக்கட்டுத் தடிமனில் வந்தது. பிலோமினம்மாள் நேரே பூவம்மா வீட்டுக்குப் போனாள். நானும் போனேன், குடை பிடிக்க ஆள் வேண்டாமா?

"ஏண்டி, திருநாளும் அதுவுமா பாலை ஊத்திக் கலக்கி வச்சிருக்கே?"

"ஐயோ அக்கா, நான் போன வாரமே ஊத்தல! பால்மாவு தீந்துபோச்சு. எம்புள்ள மேல சத்தியம்."

பால் இல்லை என்றால் பாவம். அப்படித்தான் பேச்சு திரும்பியது. யாரோ அசுத்தமாக வந்து தொட்டியில் கை வைத்திருக்கிறார்கள், மாதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார்? எங்கள் வரிசையில் பாவங்களுக்குப் பஞ்சமில்லை. லாரிக்கார இராமசாமி நாலு நம்பர் சீட்டு ஜெயிக்க அங்கே வேண்டிக்கொண்டது, ஒருத்தி மாமியாருக்குப் பழைய சோற்றைப் போட்டுவிட்டு ஜெபமாலைக்கு வந்தது, இன்னொருத்தி யாரோடோ படம் பார்க்கப் போனது என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசினோம். என்னளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் அங்கே இல்லை என்பதால் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். சாயந்திரம் வரை எனக்கு ஒழிவே இல்லை.

ஆனால் அன்றைக்கு நான் கோப்பி கலந்தது அந்தத் தண்ணீரில். கடைசி வாய் குடித்தபோது பல்லில் நறநறவென்றது. துப்பிவிட்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். மணல். கரைக்குள்ளேயிருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை அள்ளி என் கோப்பைக்குள் போட்ட மாதிரி ஒரு எண்ணம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயேசுதாசன் இருமினார். இதை யாரிடம் சொல்ல? பாவம் என்றால் கேட்க ஆள் உண்டு. மணல் என்றால் யார் கேட்பார்கள்?

திருநாள் அன்று பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. கம்பெனிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மேனேஜர் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தார். கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மொத்த வரிசையும் கெபியின் முன்னால், கரையின் காலடியில், முழங்காலில் இருந்தது. ஆம்ப்ரோஸ் மட்டும் மேலே மதகருகில். அப்போது வேலாயுதம் வந்தார். மழைக்கோட்டு, முழங்கால் வரை சேறு, கையில் குழாய்.

அவர் லோங்காங்கைத்தான் பார்க்க வந்தார். ஜெபக் குரல் கேட்டு இந்தப் பக்கம் திரும்பினார். தொட்டியைப் பார்த்தார். வெட்டியிருந்த பிறையைப் பார்த்தார். ஜனங்களுக்கு நடுவே புகுந்து, குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என் தங்கை சொன்னதை வைத்து அந்த மனிதரைப் பார்த்து நான் எவ்வளவோ சிரித்திருக்கிறேன். அன்று அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிலுவை தெரியுதா சார்?" என்று கேட்டாள் பிலோமினம்மாள்.

"தெரியல."

ஜனங்களிடமிருந்து ஓர் அழுகை கிளம்பியது.

"எல்லாரும் எந்திரிங்க! இது ஊத்து இல்லைங்கம்மா, குளம் ஒழுகுது. தெளிவா ஒழுகினா பரவாயில்ல, இப்ப மண்ணோட வருது. கரை உள்ளுக்குள்ள கரையுது. ஓடுங்க!"

ஓடுவார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். சிலுவை மறைந்துவிட்டது என்றதும் இன்னும் இறுக்கமாகக் கைகோத்துக்கொண்டார்கள்.

"மாதா கோவமா இருக்கா. இப்பப் போய் எந்திரிச்சு ஓடறதா?" என்றாள் பிலோமினம்மாள். "சார், உங்களுக்கு எங்க கெபி கண்ணை உறுத்துது. கம்பெனிய மூடறதுக்குத்தானே நீங்க அலையிறீங்க?"

"அம்மா, உங்க உசிரு..."

"உசிரு மாதா கையில. அருள் நிறைந்த மரியே வாழ்க..."

வேலாயுதம் கரைமேல் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருத்தி பார்க்க வேண்டாமா?

மேலே போனதும் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. தண்ணீர் கரையின் உதட்டில் நின்றது. நடைபாதை நெடுக, எண்ணெய் வைத்து எடுத்த வகிடு மாதிரி ஒரு விரிசல் கோடு. கெபிக்கு நேர் மேலே, குளத்துக்குள், ஒரு சின்னச் சுழி. மழைத்துளிகள் அதன்மேல் விழுந்தும் அது அழியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டில் மூடி ஒன்று அதைச் சுற்றி வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே போயிற்று.

"ஆம்ப்ரோஸ், தொறங்க!" என்றார் வேலாயுதம்.

ஆம்ப்ரோஸ் கைப்பிடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "கலங்கல் சார்."

"தெரியும். தொறங்க."

"நீங்கதானே சார் ஒரு சொட்டு விடக்கூடாதுன்னீங்க?"

"தெளிஞ்ச பெறகு விடுன்னோம். விடவே விடாதேன்னு யாரு சொன்னா? நான் சொல்றேன், இப்ப விடுங்க. நான் எழுதித் தர்றேன்லா!"

எழுதித் தருகிறேன் என்றதும் ஆம்ப்ரோசின் கண் வேலாயுதத்தின் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே ஒரு பேனா சொருகியிருந்தது. அவன் இரண்டு எட்டுப் பின்னால் போனான்.

"மேனேஜர் அனுப்பினாரா சார்? சொல்லிடுங்க. அப்பாவ வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அடப்பாவி, நாலு வருஷமா என் மூஞ்சியப் பாக்கிறே!"

"கால்ல விழுந்தாலும் தொறக்காதேன்னு சொல்லியிருக்காரு சார்."

வேலாயுதம் உண்மையிலேயே குனியப் போனார். கடவுளே, விழுந்துவிடாதீர்கள் என்று மனதுக்குள் கத்தினேன். விழுந்தால் மேனேஜர் சொன்னபடியே நடக்கிறது என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அவர் பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, இவர்கிட்ட நான் பேசிக்கிறேன். கீழ உள்ளவங்கள எப்படியாவது கிளப்புங்க. உங்களால முடியும்."

கரையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினேன். கத்திச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அதிகாரி சொன்னதையே நம்பாதவர்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் பூவம்மா ஈரச் சேலையோடு தனியாக நின்றாள். நேற்றிலிருந்து அவளோடு யாரும் பேசவில்லை. அவள் காதில் குனிந்தேன்.

"யாருகிட்டயும் சொல்லிடாதே. மெயின் ரோடு முச்சந்தியில, அரசாங்க வீடு குடுக்கிற எச்டிபி வண்டி வந்து நிக்குது. புது பிளாக்குக்கு இப்பவே பேர் எழுதுறானாம். ஐசியோட நேர்ல வர்றவங்களுக்குத்தான் கார்னர் வீடு. உன் மேல பழி போட்டுட்டாங்களேன்னு உனக்கு மட்டும் சொல்றேன்."

பூவம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் நகர்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றாள் பூவம்மா. ஒன்றுமில்லை என்ற சொல்லை எங்கள் வரிசையில் என்றைக்கு நம்பியிருக்கிறார்கள்? ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடிவதற்குள் பின்வரிசை காலி. அடுத்த பத்துக்குள் நடுவரிசை. வீடுகளுக்குள் ஓடி, ஐசி அடையாள அட்டை வைத்திருக்கும் ரொட்டி டின்னைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் மெயின் ரோட்டை நோக்கி ஓடினார்கள். பிலோமினம்மாள் மட்டும் ஒரு நிமிடம் கெபியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொரூபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாதாவே, கீழ் மாடியா குடுத்திடாம பாத்துக்கோ" என்றபடி ஓடினாள்.

வரிசை வெறிச்சென்று ஆயிற்று. மழைச் சத்தம் மட்டும். அதற்குள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம் நான் தினமும் கேட்கிற அந்த இருமல்.

இயேசுதாசன்!

எல்லாரையும் கிளப்பினேன். நடக்க முடியாத ஆளை எந்தச் செய்தி கிளப்பும்? தொட்டியில் இப்போது பால் நிறம் இல்லை. சிமெண்டு குழைத்த மாதிரி கொப்பளித்து வந்தது. கெபியின் கல் ஒன்று தானாகக் கழன்று விழுந்தது. கால் வைத்திருந்த தரை, தூங்குகிற மாட்டின் விலா மாதிரி மெல்ல அசைந்தது. என் வாழ்நாளில் குரல் வராமல் நின்ற ஒரே சமயம் அதுதான். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கையை மட்டும் தூக்கி, மேலே ஆம்ப்ரோசுக்கு அவன் வீட்டைக் காட்டினேன்.

அவன் பார்த்தான். ஓடுகிற ஜனங்களைப் பார்த்தான், காலியான வாசல்களைப் பார்த்தான், தன் வீட்டுக் கதவைப் பார்த்தான். மேனேஜர் ஒருவனைக் கூலிக்கு அனுப்பலாம். ஒரு வரிசையையே ரொட்டி டின்னோடு மழையில் ஓட விட முடியாது. என்னால் முடியும் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

கைப்பிடியை வேலாயுதத்தின் மேல் எறிந்துவிட்டுக் கரையில் உருண்டு இறங்கினான்.

வேலாயுதம் அதை எடுத்துத் திருகில் மாட்டினார். துருப்பிடித்த திருகு. முதலில் அசையவில்லை. மழைக்கோட்டைக் கழற்றி வீசிவிட்டு, காலைக் கல்லில் முட்டுக்கொடுத்து, முனகிக்கொண்டே அழுத்தினார். கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு லோங்காங்கில் சாம்பல் நிறத் தண்ணீர் பேயாகக் குதித்தது. ஒரு சொட்டும் போகக் கூடாது என்று வருடக்கணக்காகக் குழாயோடு காவல் நின்ற மனிதர், தன் கையாலேயே மொத்தக் கலங்கலையும் ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலில் இயேசுதாசன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னடா சத்தம்? வெடி வைக்கிறாங்களா?"

"ஆமாப்பா. வாங்க" என்று ஆம்ப்ரோஸ் அவரை முதுகில் தூக்கினான். நான் பின்னாலிருந்து தாங்கினேன். அந்த உடம்பில் கனமே இல்லை, எலும்பும் இழுக்கிற மூச்சும்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் நிற்கச் சொன்னார். வாசலில் அந்த மேடு. சேறாகிக் கிடந்த அதில் ஆம்ப்ரோசின் கால் முழங்கால் வரை புதைந்தது. இழுக்கிறான், வரவில்லை. பின்னால் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். இடியில்லை, இடி மேலேயிருந்து வரும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்ப்ரோசின் முட்டியைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

லாரி நிற்கும் மேட்டில் ஏறிப் பார்த்தபோது கெபி இருந்த இடத்தில் கரை இல்லை. அந்தப் பிறை வாயிலிருந்து கூழ் மாதிரிச் சேறு அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று, கட்டிலை மூடியது, ஜன்னல் கட்டை வரை ஏறி நின்றது. என் வீட்டிலும் அப்படியே. மதகு திறந்ததில் பாதிக் குளம் லோங்காங் பக்கம் போயிருக்காவிட்டால் கூரை வரை வந்திருக்கும் என்று வேலாயுதம் சொன்னார். அவர் உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிருந்தது. அந்தக் கையோடேயே குழாயில் லோங்காங் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். பழக்கம், என்ன செய்வது!

"தெரியுதா சார்?" என்று கேட்டேன்.

"என் கையே தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார்.

கம்பெனிக்கு அபராதம் வந்தது. மேனேஜர், "திறந்தது உங்கள் அதிகாரி, நாங்கள் இல்லை" என்று வாதாடினார். வேலாயுதமும் மறைக்கவில்லை, கலங்கலை விட்டவன் நான்தான் என்று தன் பேரையே போட்டுக் கொடுத்தார். அவரைப் பாசிர் ரிஸ் பக்கம் மாற்றிவிட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதாம், பெண் மீன் நன்றாகப் பார்த்து வாங்குவாளாம். தங்கை சொன்னாள்.

எங்கள் வரிசைக்காரர்களுக்குச் சில வருடம் கழித்து நிஜமாகவே புக்கிட் பாத்தோக் புது பிளாக்கில் வீடு கிடைத்தது. அதிலும் பிலோமினம்மாளுக்குக் கார்னர் வீடு. ஆனாலும் லிஃப்டில் பார்க்கிறபோதெல்லாம், "அன்னிக்கு வண்டி நிக்குதுன்னு சொன்னியே அல்போன்சா, முச்சந்தியில மூணு மணி நேரம் நனைஞ்சோமே" என்கிறாள். உயிர் பிழைத்தது மாதாவால், நனைந்தது என்னால். அப்படித்தான் கணக்கு. பூவம்மா மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து என்னிடம் தருகிறாள்.

ஆம்ப்ரோஸ் எனக்கு நேர் எதிர் வீடு. இயேசுதாசன் இப்போதும் இருமிக்கொண்டு இருக்கிறார். தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில் இருக்கிறோம். மேலே குளமில்லை, மலையில்லை. போன மழையின்போது யாரோ கதவைத் தட்டினார்கள். ஆம்ப்ரோஸ் நின்றான். கையில் கண்ணாடித் தம்ளர். அடுக்களைக் கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறதாம், பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். தம்ளரின் அடியில் வெளிப்பக்கமாகப் பேனாவால் ஒரு சிலுவை போட்டிருந்தான்.

"அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு சரியில்ல."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"தெரியுதுப்பா. நல்லாவே தெரியுது. போய்ப் படு."

அவன் போன பிறகு கதவைத் தாழ் போட்டேன். என் அடுக்களைக்குப் போய், விளக்கைப் போட்டு, கூரை மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் கோப்பியைக் கடைசி வாய் வரை குடிக்கவில்லை.